தூண்டில் வளைவு

ராயபுரத்தில் கடல் கண்ணில் படுவதற்கு முன் கல் படுகிறது. சாலையின் கிழக்கு ஓரத்தில், ஆள் உயரக் கருங்கற்கள் வடக்கே எண்ணூர் வரைக்கும் விட்டுவிட்டுக் கொட்டிக் கிடக்கின்றன. மேலே ஏறி நின்றால்தான் அலை. ஒரு பக்கம் கல்மேல் வலை காய்கிறது, இன்னொரு பக்கம் பள்ளிக்கூடச் சீருடை காய்கிறது. மணல் இல்லை. கல்லில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயாவிடம் பேச்சுக் கொடுத்தேன். இடிப்பதை நிறுத்தாமல் மோவாயால் கடலைக் காட்டினார். "அதோ அலை ஒடையுது பாரு, அதுக்கும் அப்பாலதான் எங்க தெரு. அம்மன் கோயிலும் அங்கதான் இருந்துச்சு. அம்மாவையும் தூக்கினு இந்தப் பக்கம் வந்துட்டோம்."

தெருவைக் கடல் கொண்டுபோனது என்று எழுதுவது வழக்கம். கடல்மேல் பழி போடுவது சுலபம், அது மறுத்துப் பேசாது. இந்தத் தெரு போனதற்குக் காரணம் தெற்கே, கூப்பிடு தூரத்தில் நிற்கிறது.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டைக்கு இடம் வாங்கியபோது இங்கே துறைமுகம் கிடையாது. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் போட்டு நின்றன. கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் சரக்கையும் துரைமார்களையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவர்கள் இந்தக் கரையின் படகோட்டிகள். 1875இல் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்குக் கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில் 1881 புயல் வந்து சுவரைப் படுக்கப்போட்டது. திரும்பக் கட்டினார்கள். மணல் வந்து அடைத்துக்கொண்டே இருந்த கிழக்கு வாயை மூடி, வடகிழக்கில் புதுவாய் திறந்தவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்.

இந்தக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வடக்கே நடக்கும். வாடை அடிக்கும்போது கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கு நோக்கிய நடைதான் மிஞ்சும். துறைமுகச் சுவர் அந்த நடையைக் குறுக்கே மறித்தது. தென்புறம் தேங்கிய மணல்தான் மெரினா. கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் அதற்கு இத்தாலியப் பெயர் சூட்டி நடைபாதை போட்டார். வடபுறம் போய்ச் சேரவேண்டிய மணல் சேராமல் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று கரை கரைந்துகொண்டே போயிற்று. நகரத்தின் ஒரு பாதிக்குச் சுண்டல் விற்கவும் காதலிக்கவும் தலைவர்களை அடக்கம் செய்யவும் இடம் கிடைத்தது. அதற்கு இன்னொரு பாதி தெருத்தெருவாகக் கப்பம் கட்டியது.

கல் சுவர் போதாமல் போனபோது வந்ததுதான் தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் வரப்பு. அரசு அறிவிப்பிலும் இதே சொல்தான், குப்பத்திலும் இதே சொல்தான். இரண்டு இடத்திலும் ஒன்றாகப் புழங்கும் சொற்கள் ரொம்பக் குறைவு. தூண்டில் மீனைப் பிடிப்பதுபோல் இது மணலைப் பிடித்து வைக்கும் என்பது கணக்கு. பிடிக்கவும் செய்கிறது. வேறு எதையெல்லாம் பிடிக்கும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அப்படி ஒன்றைப் பிடித்த இடத்தைப் பார்க்கத்தான் எர்ணாவூர் போய்க்கொண்டிருந்தேன்.

காசிமேட்டை வேகமாகக் கடந்தேன். அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஐஸ் உடைக்கும் சத்தம், ஏலக் குரல், லாஞ்சுகளின் முட்டல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒன்றே ஒன்று கண்ணில் நின்றது. லாஞ்சுகளுக்கு நடுவே தேங்கிய தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் டீசல் படலம். அதை அங்கே யாரும் எண்ணெய்க் கசிவு என்று சொல்வதில்லை. தினம் நடப்பதற்கு யாரும் பெயர் வைப்பதில்லை போலிருக்கிறது.

திருவொற்றியூரில் தியாகராஜரையும் வடிவுடையம்மனையும் பார்த்துவிட்டுப் பட்டினத்தார் சமாதிக்கு வந்தேன். காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் கப்பலாக வாணிபம் செய்தவர். வளர்ப்பு மகன் கடல் கடந்து போய்க் கொண்டுவந்து கொடுத்த சரக்கு, காதில்லாத ஒரு ஊசி. அதைப் பார்த்ததும் கோவணத்தோடு தெருவில் இறங்கிவிட்டார் என்பது கதை. கையில் ஒரு பேய்க்கரும்பு. அதன் நுனி எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே முக்தி. ஊர் ஊராகக் கசந்து வந்த கரும்பு இங்கே இனித்ததாம். கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடி, என்னைக் கூடையால் மூடுங்கள் என்று சொல்லி, திறந்து பார்த்தால் லிங்கமாக இருந்தாராம். சரக்கும் கப்பலும் வேண்டாம் என்று வந்தவர் உட்கார்ந்த இடத்துக்கு நேர் கிழக்கே இன்று சரக்குக் கப்பல்கள் வரிசையாக முறை காத்து நிற்கின்றன. பக்கத்தில் திருவொற்றியூர் குப்பத்தில் சூரை மீன் பிடிக்கும் ஆழ்கடல் படகுகளுக்கென்று புதுத் துறைமுகம் வந்திருக்கிறது. அந்தக் கரும்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டேன். பின்னால் தேவைப்பட்டது.

அதற்கு வடக்கே சாலையின் பெயர்ப் பலகைகளே ஒரு தொழில் வரலாறு. தீப்பெட்டி செய்த விம்கோவின் பெயரில் 2021 முதல் மெட்ரோ நிலையம் இருக்கிறது. என்ஃபீல்டு, எம்ஆர்எஃப், அசோக் லேலண்ட். தொழிற்சாலைச் சங்கு ஊதும் நேரத்தை வைத்து உலை வைத்த குடும்பங்கள் இங்கே உண்டு. இப்போது கன்டெய்னர் லாரிகளின் ஹாரன்தான் எல்லா நேரமும்.

எர்ணாவூரில் கடலோரமாக பாரதியார் நகர், ராமகிருஷ்ணா நகர் குப்பம். ஆர்.கே. நகர் குப்பம் என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். சாலையைத் தாண்டினால் கல். கல்லைத் தாண்டினால் தூண்டில் வளைவு, அதன் முழங்கையில் ஒரு சின்னக் குடா. நான் போனபோது மூன்று பையன்கள் கல்லிலிருந்து குட்டிக்கரணம் அடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பச்சையாக, சாதுவாக இருந்தது. கற்களின் இடுக்கைக் குனிந்து பார்த்தேன். நிழல் விழும் பக்கத்தில், அலை தொடாத உயரத்தில், தார் பூசினாற்போல் ஒரு கறை. சாலை போட்டபோது சிந்திய தாரோ, 2017இல் இங்கே வந்து ஒதுங்கிய எண்ணெயின் மிச்சமோ. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை.

2017 ஜனவரி 28, சனிக்கிழமை, விடியாத இருட்டு. வடக்கே காமராஜர் துறைமுகத்தில் எரிவாயுவை இறக்கிவிட்டு பிடபிள்யூ மேப்பிள் என்ற கப்பல் வெளியே வந்துகொண்டிருந்தது. பெட்ரோலியப் பொருள்களை ஏற்றிக்கொண்டு டான் காஞ்சிபுரம் உள்ளே வந்துகொண்டிருந்தது. இரண்டும் மோதிக்கொண்டன. கடலில் எண்ணெய் எதுவும் கலக்கவில்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. ஆனால் டான் காஞ்சிபுரத்தின் எரிபொருள் கொட்டிக்கொண்டிருந்தது. கப்பல் எஞ்சினுக்கு ஊற்றும் கரிய உலை எண்ணெய், வெல்லப்பாகு மாதிரிக் கெட்டியானது. சிந்தியது எவ்வளவு என்ற அரசுக் கணக்கு ஓரிரு டன்னில் தொடங்கி, இருபதாகி, கடைசியில் 250 டன்னைத் தொட்டது.

அது தை மாதம். வாடைக்குத் தண்ணீர் தெற்கே ஓடும். சில கல் தொலைவு மிதந்து வந்த எண்ணெய்க்கு முதலில் கைநீட்டியது இந்தத் தூண்டில் வளைவுதான். மணலுக்காக வைத்த முழங்கையில் எண்ணெய் வந்து புகுந்துகொண்டது, வெளியே போக வழியில்லை. மிச்சம் மெரினா, திருவான்மியூர் என்று தெற்கே போயிற்று. ஆனால் அங்கெல்லாம் பூசிவிட்டுத்தான் போனது, எர்ணாவூரில் தங்கிவிட்டது.

கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்வது என்பதற்கு 1996 முதல் ஒரு தேசியத் திட்டம் நம்மிடம் உண்டு, கடலோரக் காவல்படை அதற்குப் பொறுப்பு. மிதவைத் தடுப்பு போட்டு எண்ணெயை வளைத்து, மேல்படலத்தை வழித்தெடுக்கும் இயந்திரத்தால் அள்ளவேண்டும். விரிந்த கடலுக்கு அது சரி. இங்கே எண்ணெய் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. கப்பல் கிட்டே வரமுடியாது. சாக்கடை உறிஞ்சும் சூப்பர் சக்கர் லாரிகளைக் கொண்டுவந்து குழாயை விட்டார்கள். கொஞ்சம் உறிஞ்சிவிட்டு அடைத்துக்கொண்டது. அலையில் கடைபட்ட உலை எண்ணெய் கடல்நீரைத் தனக்குள் இழுத்துக்கொண்டு தயிர்போலத் திரளும். கொட்டியதைவிடச் சில மடங்கு பருக்கும். அதோடு பிளாஸ்டிக் பை, செருப்பு, தேங்காய் மட்டை. எந்தக் குழாய் தாங்கும்?

ஆகவே வாளி. கடலோரக் காவல்படையினர், தீயணைப்பு வீரர்கள், கல்லூரி மாணவர்கள், தொண்டு அமைப்பினர், குப்பத்து ஆட்கள் எல்லோரும் கல்மேல் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். அந்த வரிசையில் நின்றதாகச் சொன்ன ஒருவர், இப்போது ஐம்பதை நெருங்குகிறவர், வளைவின்மேல் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளுண்ணே?" என்று கேட்டேன்.

"கணக்கு வெச்சுக்கல சார். காலேஜு பசங்க வந்தானுங்க, பாவம், நல்ல புள்ளைங்க. ஆனா கல்லு தெரியாது. எந்தக் கல்லு ஆடும், எது ஆடாதுன்றது எங்களுக்குத்தான் தெரியும். மொத நாளு நாலு பேரு வழுக்கி உள்ள போயிட்டான். அப்பால நாங்க கீழ நின்னுக்கினோம், அவங்கள மேல நிக்க வெச்சோம்."

கையில் ஒட்டியது சோப்புக்குப் போகாதாம். முதலில் மண்ணெண்ணெய், பிறகு தேங்காய் எண்ணெய். ராத்திரி சோற்றில் கை வைத்தால் அந்த வாசனைதான். ஒரு வாரம் மனைவி ஊட்டிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

அந்த மாணவர்கள் வந்த காலத்தையும் சொல்லவேண்டும். மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய கூட்டம் ஜனவரி 23 அன்றுதான் அடித்துக் கலைக்கப்பட்டிருந்தது. ஒன்று சேர்ந்தால் எதையும் செய்யலாம் என்ற சூடு ஊரில் ஆறவில்லை. கூப்பிடாமலே ஆட்கள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிப்ரவரி 7 இரவு ஓ.பன்னீர்செல்வம் ஜெயலலிதா சமாதி முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தார். தமிழ்நாட்டின் கேமராக்கள் எல்லாம் அங்கே திரும்பின. எர்ணாவூர் முதல் பக்கத்திலிருந்து இறங்கியது, வாளிகள் இறங்கவில்லை.

அள்ளியதை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்கள் உண்டு. இந்தியன் ஆயில் ஆய்வுக்கூடத்தின் நுண்ணுயிர்க் கலவையை வரவழைத்து, துறைமுக வளாகத்தில் குழி எடுத்து, சகதியை மண்ணோடு கலந்து புரட்டிப் புரட்டி மக்கவைத்தார்கள். உழவன் எருக்குழியைக் கவனிக்கிற மாதிரியான வேலை, மாதக்கணக்கில் ஆகும். மீன் விற்கிற பெண்களுக்கு அத்தனை மாதம் பொறுமை இல்லை. சென்னை முழுக்க மீனைத் தொடவே பயந்தது. ஆந்திராவிலிருந்து வந்த மீன் என்று சத்தியம் செய்தாலும் வாங்குவார் இல்லை. கரையில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கிய படங்கள் வேறு வந்துகொண்டிருந்தன.

இங்கேதான் கரும்பு நினைவுக்கு வந்தது. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற ஜப்பானியக் கப்பல் மொரீஷியஸ் தீவின் பவளத்திட்டில் ஏறி உட்கார்ந்தது. ஆகஸ்ட் 6இல் எண்ணெய் கசியத் தொடங்கியது. கிட்டத்தட்ட 1,000 டன். அதிகாரிகளிடம் விட்டுவிடுங்கள் என்று அரசாங்கம் சொன்னது. ஜனங்கள் கேட்கவில்லை. கரும்புத் தோட்டத்துச் சோகையை அள்ளிவந்து, துணிக் குழாய் தைத்து, அதற்குள் திணித்து, மைல் கணக்கில் மிதவை செய்து கடலில் போட்டார்கள். தலைமுடியைக்கூட வெட்டிக் கொடுத்தார்கள். முடி எண்ணெயைப் பிடிக்கும். அந்தத் தீவின் கரும்புக் கொல்லைகளுக்குக் கூலியாகப் போன கப்பல்களில் இந்தச் சென்னைக் கரையிலிருந்து புறப்பட்டவையும் உண்டு. அந்தத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். பட்டினத்தாரின் கையில் இனித்ததைவிட எனக்கு இந்தக் கரும்பு பெரிய அதிசயம்.

தென்கொரியாவின் தேயான் கரையில் 2007 டிசம்பர் 7 அன்று ஹெபெய் ஸ்பிரிட் கப்பலிலிருந்து பத்தாயிரம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கொட்டியது. பாறை பாறையாகத் துணியால் துடைக்க நாடு முழுவதிலிருந்தும் 12 லட்சம் பேர் வந்தார்கள். அந்த வேலையின் பதிவுகள் 2022இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பட்டியலில் இடம்பெற்றன. எர்ணாவூர் வளைவில் ஒரு தகரப் பலகைகூட என் கண்ணில் படவில்லை. பலகை கேட்கிற ஆட்களும் இல்லை இவர்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர் கேட்டது வேறு. "இந்த வளைவு போட்டப்ப கேக்கல, அந்த துறமுகம் போட்டப்ப கேக்கல. வாளி தர்றப்ப மட்டும் வூட்டாண்ட வந்து கூப்ட்டாங்க."

சமூகப் பங்களிப்பு என்று அறிக்கைகளில் ஒரு சொல் வருகிறது. அதை எங்கே பார்த்தாலும் இனி எனக்கு இந்த வாளிதான் தெரியும்.

கடலை முதுகுக்குப் பின்னால் விட்டு மேற்கே நடந்தால் சுனாமிக் குடியிருப்பு. 2004இல் வீடு இழந்தவர்களுக்காகக் கட்டிய அடுக்குமாடிகள். அலையிலிருந்து காப்பாற்றி அழைத்துவந்து, மழைவெள்ளம் தேங்கும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். அதையும் தாண்டினால் பக்கிங்காம் கால்வாய்.

இந்தக் கால்வாய்க்கு நல்ல காலம் ஒன்று இருந்தது. 1806இல் பேசில் காக்ரேன் என்ற வியாபாரி எண்ணூர் வரைக்கும் வெட்டியது. உப்பும் விறகும் படகில் பட்டணத்துக்கு வந்தன. எண்ணூரில் வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கப் பங்களா கட்டிக்கொண்டார்கள். 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கால்வாயைத் தெற்கே நீட்டினார்கள். எலும்பும் தோலுமாக வந்தவர்கள் கஞ்சிக்கும் கூலிக்கும் வெட்டிய வாய்க்காலுக்கு அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயர். இன்று பாலத்தின்மேல் நின்று பார்த்தால் தண்ணீரின் நிறத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு உவமை உண்டு, அச்சில் போட முடியாது. மேற்கே மணலியின் புகைபோக்கிகள். அங்கே 1969இல் ஓடத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை, இப்போது சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்ற பெயரில் ஆண்டுக்கு ஒரு கோடியே ஐந்து லட்சம் டன் கச்சா எண்ணெயைக் காய்ச்சக்கூடியது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கால்வாயில் இறங்கியது, கால்வாயிலிருந்து கொசஸ்தலை ஆற்றில், ஆற்றிலிருந்து எண்ணூர்க் கழிமுகத்தில். எங்கள் குழாய் எதுவும் உடையவில்லை என்றது ஆலை. ஆலை வளாகத்தின் மழைநீர் மேலாண்மை போதாமல் போனதுதான் காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். குழாயா மழைநீரா என்ற விவாதம் நடந்தபோது கால்வாய்க்கரை வீடுகளில் ஜனங்கள் அரிசி மூட்டையைத் தூக்கிப் பரணில் வைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளம் வடிந்தபின் சுவரில் இடுப்பு உயரத்தில் கறுப்புக் கோடு. ஒரு வீட்டில் அந்தக் கோட்டுக்கு மேல் மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஏன் என்று வாசலில் இருந்த அக்காவிடம் கேட்டேன். "கீழ அடிச்சா நிக்கல, உரிஞ்சி விழுது. வுட்டுட்டோம். இந்த அளவுக்கு வந்துச்சுன்னு புள்ளைங்களுக்குத் தெரியட்டும்."

இந்த முறை வாளிகூட இல்லை, தொடக்கத்தில் மக்கு. குளியலறை மக்கு. காட்டுக்குப்பம், சிவன்படைவீதி குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம் என்று சுற்றுவட்ட மீனவர்களைக் கூலிக்கு அமர்த்தி, அவர்கள் படகிலேயே, கையுறைகூட இல்லாமல் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றச் செய்தார்கள். படம் வெளிவந்து சத்தம் எழுந்த பிறகுதான் பாதுகாப்பு உடைகளும் மிதவைத் தடுப்புகளும் வழிக்கும் இயந்திரங்களும் வந்தன. பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்துக்கொண்டு டிசம்பர் 17க்குள் முடிக்கச் சொன்னது. கூழைக்கடாக்கள் மார்பில் எண்ணெய்ப் பூச்சோடு பறந்தன. வனத்துறையினர் வலையோடு பின்னால் போனார்கள், பறவைகள் சிக்கவில்லை.

நிவாரணத்தை அரசு இப்படிப் பிரித்தது. 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. ஒரு ஃபைபர் படகு, அதன் வலை, வலை போடாத மாதங்கள், ஆற்றிலிருந்து வந்த மீன் என்றால் முகம் சுளிக்கும் சந்தை. இத்தனைக்கும் பத்தாயிரம் காணுமா என்று நான் கணக்குப் போடவில்லை. படகுக்காரர்கள் போட்டு முடித்துவிட்டார்கள். எண்ணெய் பிடித்த நைலான் வலையைத் துவைக்க முடியாது. எரிக்கத்தான் வேண்டும்.

அதே டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. குழாய் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையுடையது. மூச்சு முட்டிய ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில். நான் சின்னகுப்பம், பெரியகுப்பம் வழியாகப் போனபோது சாலையோரச் சுவரில் அந்தக் கசிவுக்கு எதிரான போராட்டத்தின் எழுத்துகள் பாதி அழிந்து கிடந்தன.

காட்டுக்குப்பத்தில் ஒரு பெரியவர் என்னைத் தன் படகில் ஏற்றிக்கொண்டார். மோட்டார் இருந்தது, போடவில்லை. நீண்ட மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினார். உப்பங்கழிக்கும் கழி என்றுதான் பெயர், படகு தள்ளும் கொம்புக்கும் கழி என்றுதான் பெயர். ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததா என்று அகராதிக்காரர்கள் சொல்லட்டும். அந்தப் படகில் உட்கார்ந்திருந்தபோது இரண்டும் ஒன்றே என்றுதான் பட்டது.

தொலைவில் கழுத்தளவுத் தண்ணீரில் நாலைந்து தலைகள். எறா தடவுகிறவர்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி, விரலில் துள்ளுவதைப் பிடித்துப் பறிக்குள் போடவேண்டும். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் இருளர்களும் மற்றவர்களும் தலைமுறையாகச் செய்வது. கண்ணுக்குத் தெரியாத தரையைக் கையால் படித்தவர்கள். இரண்டு முறையும் எண்ணெய் அள்ளக் கூப்பிட்ட கைகள் இப்படிப்பட்டவை.

"இப்ப என்ன ஐயா கெடைக்குது?"

"வெள்ள எறா அபூர்வம். காக்கா ஆழிதான் கெடைக்குது" என்று கழியால் அடியில் குத்திக் காட்டினார். நறநறவென்று சத்தம். தென்னமெரிக்கக் கரைக்குச் சொந்தமான சின்னக் கறுப்பு மட்டி அது. கப்பல்களோடு வந்ததாகச் சொல்கிறார்கள். ஆற்றின் அடித்தரையைக் கம்பளம்போல் மூடிக்கொண்டது. தடவ மண்ணே இல்லை. கை வைத்தால் கிழிக்கும். எறா மண்ணில் புதையும், மட்டிக்கம்பளத்தில் எங்கே புதைவது? இந்த மட்டிக்கு எதிராகவும் மீனவர்கள் தீர்ப்பாயத்தின் படியேறியிருக்கிறார்கள்.

சாம்பலுக்கு எதிராக அதற்கும் முன்பே ஏறியாயிற்று. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் வந்தது, 2017இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் 1990களில் வந்து இன்னும் ஓடுகிறது. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே குட்டைக்கு அனுப்புவார்கள். குழாய்கள் ஆற்றைக் கடக்கின்றன, கடக்கும் இடங்களில் ஒழுகின. வருடக்கணக்கில் ஒழுகியது ஆற்றின் அடியில் சாம்பல் மெத்தையாகப் படிந்தது. 2022 ஜூலையில் தீர்ப்பாயம் மின்வாரியத்தைப் பொறுப்பாளியாக்கி, கழிமுகத்தைச் சீரமைக்கச் சொன்னது. எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், நாறும், படமாகும். சாம்பல் தண்ணீருக்கு அடியில் சத்தமில்லாமல் கிடக்கும். இந்த ஊரைக் கெடுத்ததில் எண்ணெயைவிடச் சாம்பலின் பங்கு பெரியது என்றே நினைக்கிறேன்.

கரையோரமாகச் சில இடங்களில் அலையாத்திக் கன்றுகள் வரிசையாக நட்டிருந்தார்கள், மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி. சில துளிர்த்திருந்தன. நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரியவர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆற்றைச் சரிசெய்வது என்றால் உங்களுக்கு என்ன என்று கேட்டேன். செடி, பறவை, சுத்தமான தண்ணீர் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆழம்" என்றார்.

ஆழம் இருந்தால் கடல் தண்ணீர் உள்ளே ஏறி இறங்கும். ஏறி இறங்கினால் அழுக்கு தானே போகும், எறாக் குஞ்சு தானே வரும். மழைவெள்ளமும் வீட்டுக்குள் வராமல் கடலுக்குப் போகும். முகத்துவாரம் தூராமல், ஆற்றின் அடி மேடாகாமல் இருந்தால் போதும், மிச்சத்தை ஆறு பார்த்துக்கொள்ளும். இதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்டது கழியை நாலு தடவை ஊன்றி எடுக்கும் நேரம். இந்தக் கழிமுகத்தைப் பற்றி வந்த கனமான அறிக்கைகள் பலவற்றைப் புரட்டியிருக்கிறேன். நல்லவையும் உண்டு. அவை எல்லாம் சுற்றிவந்து நிற்கும் இடமும் ஏறக்குறைய இதுதான்.

முகத்துவாரத்தை நோக்கிப் படகு திரும்பியது. ஒரு பக்கம் நெட்டுக்குப்பத்து வீடுகள், இன்னொரு பக்கம் அனல்மின் நிலையத்தின் கோபுரங்கள். நடுவே வெள்ளி மாதிரிக் கடல். நல்ல காற்று. படகு ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. பெரியவர் கழியைச் செங்குத்தாக ஊன்றினார். முன்பு இந்த இடத்தில் முழுக் கழியும் போய்க் கையும் நனையும், அப்படியும் தரை தட்டாது என்றார். இப்போது கால்வாசிகூட உள்ளே போகவில்லை. இழுத்து எடுத்தார். நுனியில் சாம்பல், பசை மாதிரி, வெளுத்த நிறம். அதைப் படகின் விளிம்பில் வழித்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆற்றின் நடுவில் இறங்கினார். தண்ணீர் அவர் முழங்காலைத் தொடவில்லை.

"நீங்க குந்துங்க தம்பி, தள்ளிடலாம்" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு நானும் இறங்கினேன்.